உடைஞ்ச மர அம்பை குப்பைல போடுறதுக்கு முன்னாடி

மர அம்பு விடுறவங்க வீட்ல எல்லாம் ஒரு மூலை இருக்கும், முனை போனது, இறகு கிழிஞ்சது, லேசா வளைஞ்சதுன்னு ஒரு கட்டு அங்க கிடக்கும், "ஒரு நாள் உக்காந்து சரி பண்ணணும்"னு சொல்லிக்கிட்டே வருஷம் ஓடிரும். என் வீட்ல அது கராஜ்ல ஒரு பழைய பெயிண்ட் டின்னுக்குள்ள. போன ஜூன்ல ஒரு லீவ் நாள் அத்தனையும் கொட்டி எண்ணினேன், 34 இருந்துச்சு. அதுல 19 இப்ப திரும்ப அம்பறாத்தூணிக்குள்ள இருக்கு, 15 போயே போச்சு. எந்த 15 போகணும்னு தெரியுறதுதான் இந்த வேலைல பாதி, அதனால ஒட்டுறது இழைக்கிறது எல்லாம் அப்புறம், முதல்ல அதை சொல்லிடுறேன்.

நான் கோவில்பட்டி பக்கம், தென்னாப்பிரிக்கால டர்பன் வந்து ஒன்பது வருஷம் ஆகுது. சனிக்கிழமை டோங்காட் பக்கத்துல தெரிஞ்சவங்க கரும்புத் தோட்டத்து ஓரத்துல நாலஞ்சு பேர் சேர்ந்து அம்பு விடுவோம், என்னோடது 40 பவுண்ட் இழுவை இருக்கிற லாங்போ, அதாவது நீள வில். பக்கத்து வீட்டுத் தாத்தா ரிட்டயர்ட் கார்பெண்டர், இங்கயே அஞ்சாவது தலைமுறை, தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனா மரத்தை கையில எடுத்தா போதும், "எம்மா, இது வேணாம், இது நல்லா இருக்கு"ன்னு அந்த கொஞ்சத் தமிழ்லயே எல்லாத்தையும் சொல்லிருவார். கீழ இருக்கிறதுல பாதி அவர்கிட்ட கத்துக்கிட்டது, மீதி நானே கெடுத்து கத்துக்கிட்டது.

ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னு என் வீட்டுக்காரர் கேப்பார். நல்ல சீடார் ஷாஃப்ட் (அம்போட குச்சி) எல்லாம் வெளிநாட்டுல இருந்து வரணும், விலை ஒரு பக்கம், கஸ்டம்ஸ்ல காத்திருக்கிறது ஒரு பக்கம். ஹார்ட்வேர் கடைல பைன் டவல் வாங்கலாம் (இந்த டவல் துண்டு இல்ல, உருட்டுக் குச்சி, ஊர்ல இருந்து வந்த புதுசுல நானும் முழிச்சேன்), ஆனா ஒரு கட்டைப் பிரிச்சு ஒவ்வொண்ணா கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பார்த்தா ரேகை நேரா ஓடுற குச்சி ஒண்ணு ரெண்டு தேறினா அதிர்ஷ்டம். கடைக்காரர் நம்மள ஒரு மாதிரி பார்ப்பார், கண்டுக்காதீங்க. அப்படி தேடி எடுத்த குச்சி முனைகிட்ட ரெண்டு இன்ச் உடைஞ்சதுக்காக முழுசா போறதுன்னா மனசு கேக்காது.

சரி, சோதனை. அம்பை நல்ல வெளிச்சத்துல பிடிச்சு மெதுவா சுத்திக்கிட்டே முனைல இருந்து கடைசி வரை பாருங்க. கண்ணு ஏமாத்தும், அதனால ஒரு துண்டு பஞ்சை எடுத்து ஷாஃப்ட் மேல இழுத்துட்டு போங்க, எங்க சிராய் கிளம்பி இருக்கோ அங்க பஞ்சு மாட்டும். அடுத்து ரெண்டு கையாலயும் ரெண்டு முனையைப் பிடிச்சு, முகத்தை விட்டுத் தள்ளி வச்சு, லேசா வில்லு மாதிரி வளைங்க, கால் சுத்து திருப்பி மறுபடி வளைங்க, இப்படி நாலு பக்கமும். "டிக்"னு சின்னதா ஒரு சத்தம் வந்தாலோ ஒரு பக்கம் மட்டும் ரொம்ப ஈஸியா வளைஞ்சாலோ அது முடிஞ்சு போன அம்பு. இன்னொரு வழி, நல்ல அம்பு ஒண்ணால தட்டிப் பார்க்கிறது, நல்ல மரம் கணீர்னு சொல்லும், விரிசல் விழுந்தது தொப்புன்னு சத்தம் குடுக்கும், பானை வாங்கும்போது பாட்டி தட்டிப் பார்ப்பாங்கல்ல அதே கதைதான். கண்ணாடி போட்டுக்கிட்டு பண்ணுங்க.

இதுல ஏன் இவ்ளோ கறார்னா, நாணை விடுற அந்த நொடில அம்பு நேரா கிளம்புறது இல்ல, பின்னாடி இருந்து அடி வாங்கி நடுவுல வளைஞ்சு நெளிஞ்சுதான் வில்லைத் தாண்டும். நடுவுல விரிசல் இருந்தா அங்கதான் உடையும், உடைஞ்ச பின்பாதியை நாண் இன்னும் தள்ளிக்கிட்டே இருக்கும், அது போய் இறங்குற இடம் வில்லைப் பிடிச்சிருக்கிற நம்ம கை. அதனால என் ரூல் இது: உடைப்பு முனையில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருந்தா காப்பாத்தலாம், நடுவுலயோ பின்னாடியோ நீளவாக்குல விரிசல் இருந்தா எவ்ளோ சின்னதா இருந்தாலும் வெளிய. நடு உடைப்பையும் ஒட்டி விடுறவங்க இருக்காங்க, நல்லாவும் பண்றாங்க, நான் பண்ண மாட்டேன். "சின்னப் பசங்க லேசான வில்லுக்கு தானே"ன்னு இந்த அம்பை பிள்ளைங்ககிட்ட குடுத்துடாதீங்க, கழிச்சது கழிச்சதுதான், அங்கயே ரெண்டா முறிச்சுப் போட்டுருங்க, இல்லைன்னா மறந்து போய் நீங்களே ஒரு நாள் எடுத்து மாட்டுவீங்க.

நல்ல விஷயம் என்னன்னா மர அம்பு பெரும்பாலும் உடையுறது முனைக்கு நேர் பின்னாடிதான், இரும்புத் தொப்பி முடிஞ்சு மரம் ஆரம்பிக்கிற அந்த இடம். வேர்லயோ கல்லுலயோ பட்டா அங்க முறியும், முனைக்குள்ள ஒரு இன்ச் மரக்கட்டை மாட்டிக்கிட்டு நிக்கும். முனை கெட்டுப் போகாத பொருள், அதை எப்பவும் காப்பாத்தணும். அதை எடுக்க, மாட்டியிருக்கிற மரத்துக்குள்ள ஒரு சின்ன மர ஸ்க்ரூவை நேரா இறக்குங்க, முனையை குறட்டால பிடிச்சு ஸ்பிரிட் விளக்குலயோ கேஸ் அடுப்புலயோ லேசா சூடு காட்டுங்க, ஹாட் மெல்ட் (சூட்டுல இளகுற கோந்து) போட்டு ஒட்டியிருந்தா கொஞ்ச நேரத்துல இளகும், ஸ்க்ரூவை இன்னொரு குறட்டால இழுத்தா கட்டை அப்படியே வெளிய வந்துரும். லோட் ஷெட்டிங் நேரத்துல மெழுகுவர்த்தில பண்ணிப் பார்த்தேன், கை முகம் எல்லாம் கரி, வேணாம். எப்பாக்ஸி போட்டிருந்தா இன்னும் சூடு வேணும், நாத்தமும் வரும், வெளிய வச்சு பண்ணுங்க. இதுக்காகவே நான் முனைக்கு எப்பவும் ஹாட் மெல்ட் மட்டும்தான் போடுறது, அடுத்த தடவை கழட்டணும்ல.

இப்ப ஷாஃப்ட். ஈஸியான வழி, உடைஞ்ச இடத்துக்கு ஒரு இன்ச் உள்ள தள்ளி நல்ல மரத்துல வெட்டிட்டு புதுசா கூர் சீவி முனையை மாட்டுறது. வெட்டுற இடத்துல மாஸ்கிங் டேப் சுத்திட்டு, சின்னப் பல்லு ரம்பத்தால உருட்டி உருட்டி அறுத்தா சிராய் வராது. கூர் சீவுற கருவி பென்சில் ஷார்ப்னர் மாதிரிதான், முனைப் பக்கத்துக்கு 5 டிகிரி, நாக் பக்கத்துக்கு (நாக்னா பின்னாடி நாண் மாட்டுற பிளவு) 11 டிகிரி, மாத்திட்டா முனை ஆடும். சீவின கூர் நடு செண்டர்ல இருக்கணும், முனையை மாட்டி உள்ளங்கை மேல சுழல விட்டுப் பாருங்க, நடுங்குச்சுன்னா கோணல்.

வெட்டினா ரெண்டு பிரச்சனை வரும். ஒண்ணு நீளம்: முழுசா நாண் இழுத்தப்புறமும் முனை வில்லுக்கு வெளிய ஒரு இன்ச்சாவது நீட்டிக்கிட்டு இருக்கணும், இல்லைன்னா ஒரு நாள் வேகத்துல கொஞ்சம் கூட இழுத்து முனை கை மேல வந்து உக்காரும். ரெண்டாவது விறைப்பு, அதாவது ஸ்பைன். குச்சி குட்டையாக ஆக விறைப்பு ஏறும், தோராயமா ஒரு இன்ச் குறைச்சா 5 பவுண்ட் விறைப்பு கூடினாப்ல நடந்துக்கும், அந்த அம்பு மத்த அம்போட சேராம ஒரு பக்கமாவே போகும். வலது கைக்காரங்களுக்கு இடது பக்கம். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்"னு சொல்லுவாங்க, இந்த விஷயத்துல மட்டும் அம்பையும் நோகலாம்.

சரி பண்ண ரெண்டு வழி. முனையை கனமா மாத்துறது, 125 கிரெயின் (அம்பு எடைக்கு ஒரு சின்ன அளவு) இருந்த இடத்துல 145, இல்ல 160 போட்டா அம்பு கிளம்பும்போது இன்னும் கொஞ்சம் வளையும். இல்லைன்னா உப்புத்தாள் போட்டு ஷாஃப்டை லேசா மெலிய வைக்கிறது, ஆனா இங்க கை கட்டுப்பாடு வேணும், ஏன்னா விறைப்பு விட்டத்தோட நாலாம் அடுக்குல போகுது. 11/32 இன்ச் குச்சிய 5/16க்கு இறக்கினா பார்க்க ஒரு மில்லிமீட்டர் கூட குறையாது, ஆனா விறைப்புல மூணுல ஒரு பங்கு காலி. அதனால பத்து தேய், ஒரு அளவு பாரு. அளக்க பெரிய மெஷின் ஒண்ணும் வேணாம், ஒரு பலகைல 26 இன்ச் இடைவெளில ரெண்டு ஆணி அடிச்சு அது மேல ஷாஃப்டை வச்சு நடுவுல 2 பவுண்ட் எடை, அதாவது 907 கிராம் தொங்க விடுங்க, எத்தனை இன்ச் இறங்குதோ அதால 26ஐ வகுத்தா வர்றதுதான் ஸ்பைன். 0.52 இன்ச், நம்ம கணக்குல 13 மில்லிமீட்டர் இறங்கினா 50 பவுண்ட். நான் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில்ல மணல் போட்டு சமையல் தராசுல 907க்கு நிறுத்தி வச்சிருக்கேன். குச்சிய எப்பவும் ரேகை ஒரே பக்கம் இருக்கிற மாதிரி வச்சு அளங்க, பக்கம் மாறினா அளவும் மாறும்.

குட்டை ஆக்க இஷ்டம் இல்லைன்னா ஒட்டு போடணும், எனக்கு இதுதான் பிடிச்ச வேலை. உடைஞ்ச முன்பக்கத்தை எடுத்துட்டு அங்க கடின மரத்துல ஒரு புது மூக்கு வைக்கிறது. அப்படி வச்ச அம்பு பழசை விட பலம், ஏன்னா முன்னாடி உடைஞ்ச அதே இடத்துல இப்ப கெட்டி மரம் இருக்கு. இங்க சலிக்னா சுலபமா கிடைக்கும், நம்ம ஊர் யூகலிப்டஸ் ஜாதிதான், தாத்தா வீட்டு கராஜ்ல ஜன்னல் ஃபிரேம் வெட்டின மிச்சம் எவ்ளோ வேணும்னாலும் கிடக்கு. கியாட்னு இங்கத்திய மரம் ஒண்ணு, அதுவும் நல்லா இருக்கும். ஒரு மரம் மட்டும் வேண்டவே வேண்டாம், தம்போட்டி. பார்க்க அவ்ளோ அழகு, வாசனை வேற, ஆனா அதோட பால் விஷம், தூள் கண்ணுல பட்டா எரிஞ்சு தள்ளிரும், அந்த விறகுல பிராய், அதாவது தணல் போட்டு கறி சுட்டு சாப்பிட்டு வயித்தால போனவங்க கதை இங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

செய்முறை இப்படி. கடின மரத்துல 12 மில்லிமீட்டர் சதுரத்துல ஒரு சாண் நீளம் கட்டை எடுங்க, ரேகை நேரா ஓடணும். ஒரு முனையில இருந்து நடு செண்டர்ல நீளவாக்குல 13 சென்டிமீட்டர் ரம்பத்தால பிளவு போடுங்க, மறுமுனை பிளக்காம முழுசா இருக்கணும். ஷாஃப்ட்ல உடைஞ்சதை வெட்டிட்டு அதோட முன்பக்கத்தை ரெண்டு பக்கமும் இழைப்புளியால சீவி அதே 13 சென்டிமீட்டருக்கு ஆப்பு மாதிரி ஆக்குங்க, நுனி தகடு மாதிரி மெல்லிசா வரணும். இப்ப அந்த ஆப்பை பிளவுக்குள்ள இறக்கினா கட்டை வாயைத் திறந்து கவ்விக்கும். (ஆமா, அம்புக்கே ஆப்பு வைக்கிறோம், இந்த ஜோக்கை எங்க கேங்ல எல்லாரும் சொல்லி முடிச்சாச்சு.) கோந்து போடாம முதல்ல ஒரு தடவை மாட்டிப் பாருங்க, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா இடைவெளி தெரியக் கூடாது, தெரிஞ்சா மறுபடி சீவணும், கோந்து இடைவெளியை நிரப்பும்னு நம்பி ஏமாறாதீங்க. கட்டை ரொம்ப விறைப்பா இருந்து திறக்க மாட்டேங்குதுன்னா பிளவு பக்கத்தை கெட்டில் ஆவில கொஞ்ச நேரம் காட்டுங்க, அப்புறம் நல்லா காய விட்டு ஒட்டுங்க.

நல்ல வெளிக்கதவுக்குப் போடுற வுட் குளூ போதும், சூப்பர் குளூ மட்டும் வேணாம், அது அடி தாங்காது, கண்ணாடி மாதிரி விட்டுரும். ரெண்டு பக்கமும் தடவி இறக்கி, பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு நீளமா வெட்டி அதை இழுத்து இழுத்து இறுக்கமா சுத்துங்க, இத விட நல்ல கிளாம்ப் கிடையாது, சுத்தி எல்லா பக்கமும் ஒரே மாதிரி அமுக்கும். சுத்தினதும் கண்ணுக்கு நேரா பிடிச்சு நேரா இருக்கான்னு பார்த்து அப்பவே கையால சரி பண்ணிக்கணும், காஞ்சப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல. ஒரு நாள் முழுசா தொடாதீங்க, டர்பன் பிப்ரவரி ஈரத்துல ரெண்டு நாள். அப்புறம் சதுரத்தை எட்டுப் பட்டை, எட்டை பதினாறு, பிறகு உப்புத்தாளை உள்ளங்கைல மடிச்சு சுத்தி சுத்தி வட்டம். ரெண்டு மரமும் சேர்ற இடத்துல நீளமா ஒரு வி வடிவம் தெரியும், மஞ்சள் பைனுக்குள்ள சிவப்பு சலிக்னா, அதைப் பார்க்கவே முழு அம்பையும் உடைச்சு வச்சு பண்ணலாம் போலத் தோணும்.

நாங்க அம்பு விடுற தோட்டத்துல இருந்து ரொம்ப தூரம் இல்லாம, டோங்காட்டுக்கு உள்ளாட சிபுடு குகை இருக்கு, 2024ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. அங்க கிடைச்ச 60,000 வருஷத்துக்கு மேல பழைய சின்னச் சின்ன கல் முனைங்க அம்புலதான் மாட்டியிருக்கணும்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. இந்தப் பக்கத்துப் பழங்குடி சான் வேட்டைக்காரங்க அம்பைப் பத்திப் படிச்சப்ப தலைல அடிச்சுக்கிட்டேன், அவங்க நாணல் குச்சி முன்னாடி எலும்புல ஒரு இணைப்புத் துண்டு வச்சு அதுக்கு முன்னாடி விஷ முனை, மிருகம் மேல பட்டதும் முனை உள்ள தங்கிரும், குச்சி கழண்டு கீழ விழுந்துரும், எடுத்து புது முனை மாட்டி மறுபடி விட வேண்டியதுதான். உடைஞ்சதை ரிப்பேர் பண்றதுக்கு பதிலா உடையுற இடத்தை அவங்களே முடிவு பண்ணிட்டாங்க.

நாக் விஷயம். பிளாஸ்டிக் நாக் உடைஞ்சா குறட்டால நொறுக்கி எடுத்துட்டு பழைய கோந்தைச் சுரண்டி புதுசு ஒட்டுங்க, அஞ்சு நிமிஷ வேலை. மரத்துலயே வெட்டின நாக்னா பிளவோட அடில விரிசல் இருக்கான்னு பாருங்க, இருந்தா (பின்னாடி விரிசல்னா வெளியன்னு சொன்ன ரூலுக்கு இது ஒண்ணுதான் விலக்கு) அந்த பகுதியை முழுசா வெட்டிட்டு கொஞ்சம் கீழ புதுசா போடணும், நீளம் குறையும், மேல சொன்ன கணக்குதான். நாக் பிளவு மரத்தோட வளைய ரேகைக்கு குறுக்க போகணும், ரேகையோட போனா நாண் அடிக்கிற அடில விறகு பிளக்கிற மாதிரி பிளந்துரும். பிளவுக்கு கீழ கெட்டி நூல் பத்து பன்னெண்டு சுத்து சுத்தி வார்னிஷ் தடவிடுங்க. இன்னொண்ணு, குச்சியோட முதுகுல ரேகை தீ நாக்கு மாதிரி கூராத் தெரியும், அந்தக் கூர் மேல் பக்கமா இருந்து முன்னாடி பார்க்கணும், அப்பதான் ஒரு வேளை உடைஞ்சாலும் உடைஞ்ச துண்டு கையை விட்டு மேல போகும்.

இறகு மடங்கி நசுங்கிக் கிடந்தா மாத்த வேண்டியது இல்ல, கெட்டில் ஆவில பத்து இருபது செகண்ட் காட்டி விரலால நீவி விடுங்க, கோழி குளிச்சிட்டு சிலுப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நிக்கும். ஒண்ணு கிழிஞ்சிருந்தா அதை மட்டும் மாத்தலாம், ஆனா மூணும் ஒரே பக்கத்து இறக்கையா இருக்கணும், பளபளப்பான முகம் மூணுலயும் ஒரே திசை பார்க்கணும். நாங்க வான்கோழி இறகு யூஸ் பண்றோம், கினிக்கோழி இறகுப் புள்ளி ரொம்ப அழகு ஆனா சின்னது. இறகோட முன் நுனியை நூலால கட்டியோ ஒரு சொட்டு கோந்து வச்சோ அமுக்கிடுங்க, கழண்டு நிக்கிற ஈர்க்கு நுனி கை மேல போகும்போது ஊசி மாதிரி இழுக்கும், எனக்கு இன்னும் தழும்பு இருக்கு. பெட்டில அந்துருண்டை போட்டு வைங்க, பூச்சி ஒரு மழைக்காலத்துல மொத்த இறகையும் தின்னுரும்.

வளைஞ்சது எல்லாம் சும்மா நிமிர்த்தலாம். எங்க மேடு இருக்குன்னு கண்டுபிடிச்சு, அடுப்புக்கு ஒரு சாண் மேல ஆட்டிக்கிட்டே கை பொறுக்கிற சூடு ஏத்தி, மேட்டை உள்ளங்கை அடியால அமுக்கி ஆறுற வரை பிடிச்சிருங்க. இந்த ஊர் ஈரத்துக்கு மறுபடி வளையும், அதனால நிமிர்த்தின கையோட வார்னிஷ் ரெண்டு கோட், வெட்டின இடம், கூர் சீவின இடம் எதையும் விடாம. சுவத்துல சாய்ச்சு வைக்கவே வைக்காதீங்க, தொங்க விடுங்க.

கடைசியா எல்லாத்தையும் எடை போடுங்க. ஒரு கிரெயின்னா 0.065 கிராம், நகை தராசு சின்னது ஒண்ணு இருந்தா போதும். ஒட்டு போட்டது கண்டிப்பா கனமா இருக்கும், அதைப் பழைய செட்ல கலக்காம ஒட்டு போட்டதை எல்லாம் ஒரு தனி செட்டா வைங்க, இருபது கிரெயினுக்குள்ள சேர்றதை சேருங்க, நான் நாக் பக்கத்துல சிவப்பு வளையம் பெயிண்ட் அடிச்சிடுவேன். முதல் அம்பு பத்து மீட்டர்ல, மெத்துன்னு இருக்கிற டார்கெட்ல, முழுக்கை சட்டை, கையுறை, கண்ணாடி, பக்கத்துல யாரும் இல்லாம. மூணு தடவை விட்டதும் மறுபடி அந்த நாலு பக்க வளைப்பு சோதனை. அதுல தேறினாதான் சனிக்கிழமை தோட்டத்துக்கு வரும். போட்டிக்கு நான் அதைக் கொண்டு போறது இல்ல, பயம் ஒண்ணும் இல்ல, எடை ஒண்ணுக்கொண்ணு சேராது அவ்ளோதான்.

அந்த 15 என்னாச்சுன்னா, முனை எல்லாம் டப்பால இருக்கு, நல்ல இறகை கத்தியால சீவி எடுத்தாச்சு, பின்பாதி குச்சிங்க ஒட்டு போட்டுப் பழக வச்சிருக்கேன், முதல் அஞ்சு ஒட்டாவது இந்த மாதிரி செத்த குச்சில போட்டுப் பழகுங்க. மீதி ரெண்டா முறிச்சு கொல்லைல தக்காளிக்கும் கறிவேப்பிலைக் கன்னுக்கும் ஊணி விட்டேன். வாரம் ஒரு தடவை குரங்கு வந்து தக்காளியோட சேர்த்து அதையும் பிடுங்கிட்டு போகுது.